எர்த் சரியில்லை

பக்கத்து வீட்டு அண்ணன் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கூரையைப் பார்ப்பார். பிறகு குனிந்து, கூரையிலிருந்து இறங்கும் கம்பி எந்த இடத்தில் மண்ணுக்குள் போகிறது என்று தேடுவார். வீட்டுக்காரரை நலம் விசாரிப்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் எங்களுக்கும் அவருக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர் மட்டும்தான். அவர் ரயில் நிலையத்தில் தந்தி குமாஸ்தா. என் வீட்டுக்காரர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். எங்களைவிட மூத்தவர் என்பதால் நாங்கள் இருவருமே அவரை அண்ணன் என்போம். எங்கள் வீட்டு வரிசையான லைனில் மற்றவர்கள் வைத்த பெயர் கம்பிக்காரர்.

ஜப்பான் சண்டை வருவதற்கு முன்பு எங்கள் லைனில் ரேடியோ வைத்திருந்தவர்கள் சிலர்தான். எல்லோரும் பாட்டுக்கும் செய்திக்கும் ஷார்ட் வேவைத் திருகிக்கொண்டிருந்தபோது, அண்ணன் ஒரு பெரிய பிஸ்கட் டின்னுக்குள் தானே ஒரு செட் கட்டி வைத்துக்கொண்டு லாங் வேவ் கேட்பார். அதில் பாட்டு வராது. பேச்சு வராது. கப்பல்களும் துறைமுகங்களும் தந்தி பாஷையில் பேசிக்கொள்ளும் கீச்சுச் சத்தம்தான் வரும். தந்தி அடிப்பது அவருடைய பிழைப்பு; அந்தக் கீச்சொலி அவருக்குத் தமிழ் மாதிரி.

“பாட்டு வராத ரேடியோவெல்லாம் ஒரு ரேடியோவாண்ணே?” என்று ஒருமுறை கேட்டேன்.

“பாட்டுப் பாட ஊர்ல ஆளா இல்லம்மா? இது எவனோ எவன்கிட்டயோ பேசுறான், நான் இங்க குந்திக்கிட்டு ஒட்டுக் கேக்குறேன். அதுல ஒரு சொகம் இருக்கு லா,” என்று சிரித்தார்.

அந்த அலைகள் மிக நீளமானவையாம். அவற்றைப் பிடிக்க முறைப்படி ஒரு மைதானம் நிறையக் கம்பி கட்ட வேண்டும் என்பார். எங்கள் லைனில் கொல்லைப்புறமே ஒரு பாய் விரிக்கும் அகலம்தான். அதனால் அவர் ஏரியல் சின்னது. “ஏரியல் சின்னதா இருந்தா எர்த் பெருசா இருக்கணும். மேல கட்டுறத எவனும் கட்டிப்புடுவான். கீழ எறக்குறதுலதான் இருக்கு வேலை.” எர்த் என்றால் செட்டிலிருந்து மண்ணுக்குள் இறக்கும் கம்பி. இது அவர் தொழிலில் இருந்து வந்த நம்பிக்கை. தந்திக்குக் கம்பத்தில் போவது ஒற்றைக் கம்பி; மின்சாரம் திரும்பி வருகிற வழி மண்தான். மண்ணோடு சேர்மானம் விட்டுப்போனால் தந்தி போய்ச் சேராது.

எங்கள் ரேடியோவில் ஓயாமல் இரைச்சல் வந்தபோது அவர்தான் வந்து பார்த்தார். குளியலறைக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் எர்த் கம்பியை ஓர் ஆணியில் சுற்றி மண்ணில் அடித்து வைத்திருந்தார். அண்ணன் அந்த ஆணியைப் பிடுங்கி என் கையில் கொடுத்துவிட்டு முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டினார். அடுப்புக்கரியைக் கொட்டி நிரவி, ஒரு செம்புத் தகட்டைப் படுக்க வைத்து, கம்பியை அதில் ஈயம் வைத்து ஒட்டி மூடினார். இரைச்சல் அடங்கியது. அன்று முதல் அவருக்கு எதிலும் அதுதான் காரணம். ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் ரயிலில் வராமல் போனபோது, எல்லோரும் ஆளுக்கொன்று பேச, இவர் மட்டும், “தந்தி கெடச்சிருக்காது. எங்கயோ எர்த் விட்டிருக்கும்,” என்றார்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான்.

ரேடியோ வைத்திருந்தவர்கள் எல்லாம் கொண்டுபோய்க் காட்டி, ஷார்ட் வேவ் சுருளை வெட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. வெளியூர் நிலையம் கேட்டால் தலை போகும் என்றார்கள். லைனில் ஏரியல் கட்டியிருந்த மூங்கில் கம்பங்களையெல்லாம் அண்ணன்தான் ஒவ்வொரு வீடாகப் போய் இறக்கிக் கொடுத்தார். தன் வீட்டுக் கம்பியைச் சுருட்டி என்னிடம் தந்து, “துணி காயப்போடக் கட்டிக்கம்மா,” என்றார். அதன்பின் யாரும் அவரைக் கம்பிக்காரர் என்று கூப்பிடவில்லை. அந்தச் சொல்லையே லைன் முழுக்க விழுங்கிவிட்டது. பிஸ்கட் டின்னை அவர் ஒப்படைக்கவில்லை. ஆனால் தொடவும் இல்லை. பரணில் தூசு படிந்து கிடந்தது.

அவருடைய தம்பி காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். சுருட்டை முடி, ஓயாத பேச்சு. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கங்காணி ஒருநாள் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்று, சயாமில் ரயில் லைன் போடுகிறார்கள், வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லி ஆட்களை லோரியில் ஏற்றிவிட்டார். தம்பியும் ஏறினார்.

அவர்களை ஏற்றிவந்த வண்டி கோலாலம்பூர் வழியாகத்தான் வடக்கே போயிற்று. அன்றைக்குத் தந்தி மேசையில் அண்ணன். சாமான் ஏற்றும் பெட்டிகள். ஆள் ஏற்றியிருப்பது தெரியாது. அடுத்த நிலையத்துக்குத் தந்தி தட்டி, வண்டி வருகிறது என்று சொல்லி, பாதை கிடைத்ததும் வெளியே வந்து நின்றிருக்கிறார். வண்டி நகரும்போது ஒரு பெட்டியின் கதவிடுக்கிலிருந்து, “அண்ணே! அண்ணே!” என்று குரல். முகம் தெரியவில்லையாம்.

“நான்தாம்மா அனுப்பி வச்சேன்,” என்றார் எங்கள் கொல்லைக் கதவில் நின்று. “என் கையாலதான் தட்டுனேன்.”

“உங்களுக்குத் தெரியாதுல்லண்ணே,” என்றேன். 

தம்பி மனைவி காப்பாரிலிருந்து ஒரு துணி மூட்டையோடு வந்து சேர்ந்தாள். இருபது வயதுதான் இருக்கும். அண்ணன் மனைவியை நான் அக்கா என்பேன்; பிள்ளையில்லாதவர். அவளை மகள் மாதிரி சேர்த்துக்கொண்டார். மூன்று மாதம் போயிற்று. இன்னும் மூன்று மாதமும் போயிற்று. போனவர்களைப் பற்றி ஒரு கடுதாசி இல்லை, ஓர் ஆள் வந்து சொன்னதில்லை. ஒருநாள் காலையில் பரணிலிருந்து பிஸ்கட் டின் இறங்கும் சத்தம் எங்கள் பக்கம் கேட்டது.

அவர் கணக்கு இதுதான். ரயில் லைன் போடுகிற இடத்தில் கேம்ப் இருக்கும். கேம்ப்புக்குக் கேம்ப் ஒயர்லெஸ் இருக்கும். இன்ன இடத்தில் இத்தனை கூலி, இன்ன இடத்தில் நோய் என்று எவனாவது எவனுக்காவது சொல்லித்தான் ஆக வேண்டும். அதை ஒட்டுக் கேட்டுவிடலாம். என் வீட்டுக்காரர், “சயாம் காட்டுல இருக்கிற தமிழனப் பத்தி எவண்ணே தந்தி அடிப்பான்?” என்று கேட்டார். அண்ணன் எங்கள் கூரையைப் பார்த்தார்.

எங்கள் லைனுக்குத் தகரக் கூரை. தகரத்துக்குக் கீழே ஏரியல் வேலை செய்யாது. அதனால் கொல்லையில் துணிக்கொடிக்கு முட்டுக் கொடுக்கும் மூங்கிலின் கணுக்களைச் சூட்டுக்கோலால் துளைத்து, உள்ளே கம்பியை ஓடவிட்டார். வெளியே பார்த்தால் வெறும் மூங்கில். அதன் அடியில் ஈரம் ஏறாமல் ரப்பர் தோலைச் சுற்றினார். கம்பி மூங்கிலின் அடியிலிருந்து அத்தாப்பு ஓலை வேய்ந்த அடுப்படிக்குள் போயிற்று. சின்ன ஏரியல். ஆகவே எர்த் பெரிதாக வேண்டும். சண்டைக்கு முன்பு சீனன் பழைய சாமான் கடையில் வாங்கிய பெரிய செம்புத் தகடு ஒன்று இருந்தது. அதை மரவள்ளிப் பாத்திக்கு ஓரமாகப் புதைத்தார்.

வெய்யில் ஏறுகிற வரைக்கும்தான் கேட்பார். இந்த ஊரில் மத்தியானம் ஆனால் எங்காவது இடி இடிக்கும். அப்புறம் காதுக்குள் பட்டாசு வெடிப்பதுபோல் இருக்கும். காலையில்தான் வானம் சும்மா இருக்கும் என்பார். அவர் காதுக்கருவியைக் கழற்றும்வரை அந்தப் பெண் அரிசி களைவதுபோல், கீரை ஆய்வதுபோல் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். கழற்றியதும் அதே கேள்வி.

“மாமா, ஏதாச்சும் சொன்னாங்களா?”

“எர்த் சரியில்லம்மா. மண்ணு காஞ்சு கெடக்கு. சரி பண்ணிட்டா கேட்டுரும்.”

மண் காயாமல் இருக்க அந்த இடத்துக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினார். குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், எங்கள் வீட்டுக் கழுநீர். ஒன்றும் முளைக்காத ஓரத்துக்கு ஒரு மனிதர் பக்தியாகத் தண்ணீர் விடுவதைப் பார்த்து எதிர்வீட்டுக் கிழவர் புத்தி பிசகிவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டார். உப்பு இருந்தால் மண் நன்றாகப் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். உப்புக்கு எங்கே போவது? போர்ட் சுவிட்டன்ஹாம் துறைமுகம் வரை ரயிலில் போய் மண்ணெண்ணெய் டின்னில் கடல் தண்ணீர் கொண்டுவருவார். பண்டமாரான் பக்கத்துச் சேற்றில் இறங்கி மொண்டதாகச் சொல்வார். காலெல்லாம் சிப்பி கீறிய காயம். அதைக் காய்ச்சி உப்பு எடுக்கலாம் என்று அக்கா அடுப்பை மூட்டிக் காத்திருப்பார். இவர் பாதியை மண்ணில் ஊற்றிவிடுவார்.

ஒருநாள் அக்கா பொறுக்கமாட்டாமல் கத்திவிட்டார். “உப்பில்லாம மரவள்ளிய முழுங்குறோம்! மண்ணுக்கு உப்புப் போட்டு வளக்குறியா நீ?”

அவர் டின்னைக் கீழே வைத்துவிட்டு நின்றார். தம்பி மனைவிதான் எழுந்துபோய் அந்த டின்னை எடுத்து, மீதித் தண்ணீரையும் அந்த ஓரத்தில் ஊற்றினாள். அக்கா அழுதுகொண்டே உள்ளே போய்விட்டார். வேலிக்கு இந்தப் பக்கம் நான் துணியைப் பிழிந்துகொண்டு, பார்க்காதவள் மாதிரி நின்றேன்.

அவர் மரச்சட்டம் ஒன்றும் செய்தார். இரண்டு பலகைகளைப் பெருக்கல் குறிபோல் அடித்து, சுற்றிலும் கம்பியைச் சதுரமாகச் சுற்றி, அத்தாப்புக் கூரையின் கட்டையிலிருந்து கயிற்றில் தொங்கவிட்டார். அதைத் திருப்பினால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியுமாம். வேலை முடிந்ததும் மேலே நாலு துணியைப் போட்டு மூடிவிடுவார்.

மழைக்காலம் ஓய்ந்த ஒரு காலையில் வேலிப்பக்கம் வந்து என்னைக் கூப்பிட்டார். முகம் பூராவும் சிரிப்பு. போய்க் காதுக்கருவியை வைத்துக் கேட்டேன். கரகரப்பே இல்லை. கண்ணாடித் தட்டில் கரண்டியால் தட்டுவதுபோல் தந்தி ஒலி. விடாமல், வேகமாக, யாரோ யாருக்கோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

“வடக்குலேர்ந்து வருதும்மா. சட்டத்த வடக்கப் பாத்துத் திருப்புனாத்தான் கேக்குது.”

“மாமா, என்ன சொல்றாங்க?” என்று அந்தப் பெண் அவர் தோளுக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

அவர் காதுக்கருவியை வாங்கி மாட்டிக்கொண்டார். வெகுநேரம் கேட்டார். சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது.

“ஜப்பான் தந்தி. அவன் எழுத்து வேற, தட்டுற மொறை வேற. எனக்குப் புரியல.”

“ஆனா சயாம்லேர்ந்துதானே வருது?”

அவர் சட்டத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார். “சட்டம் கோடுதாம்மா காட்டும். அந்தக் கோட்டுக்கு ரெண்டு முனை இருக்கு. வடக்க சயாமாவும் இருக்கலாம். தெக்க ஜாவாவாவும் இருக்கலாம்.”

 அவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த சத்தம் அது. அவள் கணவன் இருக்கும் இடத்தைப் பற்றித்தான் அந்தச் சத்தம் பேசுகிறதோ, அல்லது எங்கோ கடலில் மழை பெய்கிறது என்கிறதோ, அறிய வழியில்லை. கடைசியில் அவர்தான், “இன்னும் கொஞ்சம் எர்த் பலமாச்சுன்னா வேற ஸ்டேஷனும் வரும்,” என்று முணுமுணுத்தார்.

ரயில்வே யார்டில் செம்புக் கம்பி காணாமல் போகிறது என்று ராணுவப் போலீஸ் குவாட்டர்ஸைச் சோதனை போட வந்ததும் ஒரு காலைப் பொழுதில்தான். லைன் முனையில் பூட்ஸ் சத்தம் கேட்டதுமே அக்கா பிஸ்கட் டின்னை வேலிக்கு மேலாக என்னிடம் நீட்டிவிட்டார். அதை மரவள்ளித் தோல் கூடைக்கு அடியில் புதைத்துவிட்டு, கூடை முன்னால் உட்கார்ந்து கிழங்கு சீவினேன். கண் வாசலில் இருந்ததில் கத்தி விரலில் இறங்கியது. அது நல்லதாகப் போயிற்று. உள்ளே வந்த சிப்பாய் இரத்தத்தைப் பார்த்து முகம் சுளித்துவிட்டுப் போனான்.

அந்த வீட்டில் சட்டத்தின் மேல் துணி காய்ந்தது. மூங்கில் மூங்கிலாக நின்றது. எல்லாம் தப்பியது. ஊரெல்லாம் காய்ந்து வெடித்துக் கிடந்த வெயிலில் பாத்தி ஓரத்தில் ஓர் இடம் மட்டும் சொதசொதவென்று ஈரமாக இருந்தது. சிப்பாய் அங்கே துப்பாக்கி முனையால் குத்தினான். டங்கென்றது.

செம்புத் தகட்டை மண்ணோடு வெளியே இழுத்துப் போட்டு, “பகேரோ!” என்று திட்டி அண்ணனை ஓர் அறை விட்டான். மொழிபெயர்க்க வந்த ஆள் தமிழில் கேட்டான். “ஏது இது? எதுக்குப் பொதச்சு வச்சிருக்க?”

எர்த் என்று சொன்னால் ரேடியோ எங்கே என்று கேட்பான். ரேடியோ அகப்பட்டால் அண்ணனோடு முடியாது, எங்கள் எல்லோருக்கும் உயிர் போகும். வேலிக்கு இந்தப் பக்கம் நான் கிழங்கு சீவுவதை நிறுத்தவில்லை.

“திருடுனேன்,” என்றார் அண்ணன்.

“சத்தமாச் சொல்லு.”

“நான் திருடுனேன்! ரயில்வே செம்பத் திருடுனேன்!”

ஆபீசிலிருந்து ஒரு பென்சில் துண்டைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனிதர். லைன் பூராவும் வாசலில் நின்று கேட்டது. ஒருவர் கண்ணையும் அவர் பார்க்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் பெண் ஓர் அடி முன்னால் வைத்தாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

தந்தி தட்டத் தெரிந்த ஆள் குறைவு என்பதால் கொல்லாமல் விட்டார்கள் என்று நினைக்கிறேன். சில வாரம் கழித்து எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். இடது காது போய்விட்டது. அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டார். எதிர்வீட்டுக் கிழவர் வந்து, “திருடிப்புட்டு மாட்டிக்கிட்டியேப்பா,” என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார். அண்ணன் தலையாட்டினார். உண்மையை எங்களாலும் சொல்ல முடியவில்லை.

அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தோம். கொஞ்ச நாளில் ஓட்டை வாளி ஒன்றைப் புதைத்து அதில் கம்பியைக் கட்டினார். தண்ணீர் ஊற்றவில்லை, இனி ஊற்ற முடியாது. துரு ஏறிய தகரம், காய்ந்த மண், ஒற்றைக் காது. இரைச்சலைத் தவிர வேறு ஒன்றும் வந்திருக்காது. அந்தப் பெண் கேட்பதை நிறுத்திவிட்டாள். அவள் கேட்காமலேயே அவர்தான் ஒவ்வொரு காலையும் தானாகச் சொல்வார்: “இன்னிக்கும் எர்த் சரியில்லம்மா.” அவள், “சரி மாமா,” என்பாள்.

சண்டை முடிந்தது. பயமில்லாமல் ரேடியோ வைக்கலாம் என்றானது. பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த பாய் ஒரு நல்ல செட்டைக் கொண்டுவந்து, அண்ணனைத்தான் கூப்பிட்டார். அவர் போய்க் கூரைமேல் ஏரியல் கட்டி, கடைக்குப் பின்னால் ஆழமாக எர்த் இறக்கிக் கொடுத்தார். சயாமில் பிடிபட்டவர்களைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் அந்தப் பெண்ணும் ஓடினோம். கடை வாசலில் கூட்டம். ரேடியோவில் ஒருவன் நிறுத்தி நிறுத்திப் பெயர்களாக வாசித்துக்கொண்டிருந்தான். உயிரோடு மீண்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயரோடும் ஊர், பட்டாளம்.

“எல்லாம் வெள்ளைக்காரங்க பேராவே இருக்கேக்கா,” என்றாள் என்னிடம்.

“இரு, வரும்,” என்றார் பாய்.

அண்ணன் நல்ல காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்து நின்றார். வாசித்து முடிந்து வேறு ஏதோ சங்கீதம் வந்தது. தமிழ்ப் பெயர் ஒன்றும் வரவில்லை. அவள் அவரையே பார்த்தாள்.

அவர் வாய் திறந்தார். “சத்தம் சுத்தமாத்தாம்மா இருக்கு,” என்றார். “ஒரு கொறையும் இல்ல.”

அதன்பின் அவர் ரேடியோப் பக்கம் போகவில்லை. வடக்கேயிருந்து வரும் வண்டிகளுக்குப் போய் நின்றார். புண் கால்களும் குழி விழுந்த கண்களுமாக ஆட்கள் இறங்குவார்கள். இறங்கியவர்களிடமெல்லாம் தம்பியின் பெயரைச் சொல்லிக் கேட்பார். பதிலைக் கேட்க வலது காதைத் திருப்பிக்கொள்வார். கடைசியாக அதே காப்பார் தோட்டத்து ஆள் ஒருவர் அகப்பட்டார். வீட்டுக்குக் கூட்டி வந்து கஞ்சி கொடுத்தோம்.

“ஒண்ணாத்தான் போனோம். நடுவுல அவன் கேம்ப மாத்திட்டாங்க. அந்தக் கேம்ப்ல காலரா வந்துச்சுன்னு சொன்னாங்க. நான் கண்ணால பாக்கலீங்க.”

“செத்தவங்க பேரு யாருக்காவது தெரியுமா?” என்று அண்ணன் கேட்டார்.

“பேரா?” அந்த ஆள் கஞ்சியை வைத்துவிட்டார். “அங்க பேர் கேட்டு யாருங்க பொதச்சா?”

இன்னும் கொஞ்ச மாதம் அப்படியே போயிற்று. அந்தப் பெண்ணின் நெற்றியில் பொட்டு இருக்கலாமா கூடாதா என்று லைனில் பேச ஆரம்பித்தார்கள். கோயிலுக்குப் போனால் ஒரு மாதிரி பார்த்தார்கள். காப்பாரில் அவள் அப்பா, அம்மா அவளை அழைத்துக்கொள்ளத் தயார். ஆனால் என்னவாக அழைத்துக்கொள்வது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வந்து அண்ணன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அக்காவும் நானும் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தோம்.

“மாமா, நீங்க சொல்லிருங்க,” என்றாள்.

“என்னம்மா சொல்லணும்?”

“இருக்காரா, இல்லியா. யாரும் சொல்லப் போறதில்ல. நீங்க சொன்னா நான் எடுத்துக்குறேன்.”

அண்ணன் எங்களைப் பார்த்தார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். அத்தனை காலம் யாரோ சொல்வார்கள் என்று காத்திருந்தவர். 

“இல்லம்மா,” என்றார். “தம்பி இல்ல.”

 அவள் ஒரு சத்தம் போட்டாள். அவள் வந்த நாளிலிருந்து நான் கேட்காத சத்தம். லைன் முழுக்க ஓடி வந்தது. அக்கா அவளைக் கட்டிக்கொண்டு தானும் அலறினார். அண்ணன் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் அண்ணன்தான் செய்தார். அதற்கு மறுநாள் அவளுடைய அப்பா வந்தார். நான் ஸ்டேஷன் வரை கூடப் போனேன். வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெறும் நெற்றியோடு இன்னும் சின்னப் பெண்ணாகத் தெரிந்தாள்.

“அக்கா, மாமாவுக்கு நெசமாவே தெரியுமா?”

“தெரியும்,” என்றேன்.

வண்டி புறப்பட்டது. அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.